மூன்று மாதத் தவணையும் ஒரு தண்டவாளத் துண்டும்

கடைசி மகளைக் கட்டிக்கொடுத்த நான்காம் நாள் எனக்கு வேலை போயிற்று. இருபத்தாறு வருடம் பார்த்த வேலை. புந்தோங்கில் மூத்தவன் வீட்டுக் கூடத்தில் விடியற்காலை எழுந்து நின்றேன். சீவிவிட ஒரு தலை இல்லை. தேடிக் கொடுக்க ஒரு செருப்பு இல்லை. அடுப்படியில் மருமகள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, "உக்காருங்க அத்தை" என்று முக்காலியை நகர்த்திப் போட்டாள். நல்ல பெண். அதுதான் தொந்தரவு. கெட்ட மருமகளாக இருந்திருந்தால் சண்டையையாவது ஒரு தொழிலாக வைத்துக்கொண்டிருப்பேன்.

என் கணவர் ஈப்போ ரயில்வேயில் சரக்குக் கணக்கராக இருந்து, ஆறு வருடத்துக்கு முன் காலமானவர். அவர் விட்டுப்போன புத்தகங்களை எல்லாம் நான் இரண்டு தரம் படித்தாயிற்று. மூன்றாம் தரம் படிக்க உட்கார்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுத்த அறையில் என் மூன்று மகன்களும் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. நாலு மாதம் புந்தோங், நாலு மாதம் பாரிட் புந்தார், நாலு மாதம் தைப்பிங். என்னைத்தான் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். மழைக்காலத்தில் யார் வீட்டில் வைத்துக்கொள்வது என்பதுவரை அன்பாகப் பேசினார்கள். என் மூட்டுவலிக்குப் பாரிட் புந்தார் நெல்வயல் ஈரம் ஆகாது என்று நடுவுள்ளவன் சொன்னான். அவ்வளவு பாசத்தோடு யாரும் என்னை மூட்டை கட்டியதில்லை.

அந்த வாரமே எங்கள் பாதிரியாரிடம் போனேன். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், ஆசிரியர் இல்லாமல் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியே கணக்குப் புத்தகத்துக்கு நடுவில் அ, ஆ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கலியாணத்துக்கு முன் திருநெல்வேலிப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் ஒன்றரை வருடம் படிப்பித்தவள் நான். அந்த ஒன்றரை வருடத்தைப் பாதிரியார் தம் கடிதத்தில் "நெடுங்கால அனுபவம்" என்று எழுதினார். இருபத்தாறு வருடத்துக்கு முந்தியது என்பதால் நெடுங்காலம் என்பது பொய்யும் அல்ல.

மூத்தவனிடம் சொன்னபோது அவன் சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கிவைத்தான்.

"இந்த வயசுல என்னம்மா வேலை? மவன் சோறு போடலன்னுதானே ஆளுங்க சொல்லும்?"

"நீ சோறு போடுறடா. மூணு வேளையும் அதுமட்டுந்தான் நடக்குது."

தோட்டத்துத் துரை என்னை நிற்கவைத்துத்தான் பேசினார். ஆண் வாத்தியார் கேட்டிருந்தாராம். எனக்கு மூன்று மாதத் தவணை. தவணை முடிவில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருவார். பதினைந்து பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தால் நான் இருக்கலாம். பார்க்காவிட்டால் "உன் பிள்ளைகளிடம் திரும்பிப் போகலாம்" என்றார். எனக்கு மூன்று ஊரில் பிள்ளைகள் முறை வைத்துக் காத்திருப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று கொஞ்ச நேரம் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தேன்.

தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் கடைசி அறையை எனக்குக் கொடுத்தார்கள். தகரக் கூரை, ஒரு பலகைக் கட்டில், ஒரு கதவு. அந்தக் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடலாம். பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் எனக்கு என்று அப்படி ஒரு கதவு இருந்ததில்லை. முதல் நாள் பகலிலேயே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, கட்டிலில் சும்மா உட்கார்ந்திருந்தேன். யாரும் தட்டவில்லை. இந்தக் கதவை விட்டுப் போவதில்லை என்று அப்போது முடிவு செய்தேன்.

அடுத்த அறையில் ஒரு பால்வெட்டுக்காரப் பெண்ணும் அவள் கணவரும். அவர் பாலுக்கு மரம் வெட்டும் வயதைத் தாண்டிவிட்டவர். ஸ்டோர் வாசலில் தொங்கும் இரும்பை அடிப்பதுதான் அவர் வேலை. அவரை நான் அண்ணே என்பேன். அவர் மனைவி நான் வந்த நாளே எனக்கு மிளகு ரசம் கொண்டுவந்து கொடுத்து, "வாத்தியாரம்மாவுக்குப் புள்ளைங்க இல்லியா?" என்று கேட்டாள். ஐந்து பேர் என்றேன். "அஞ்சு இருந்துமா இங்க வந்தீங்க?" என்று அவள் பார்த்த பார்வையில், ரசத்தைத் திரும்ப எடுத்துப்போய்விடுவாளோ என்று பயந்து சீக்கிரம் குடித்தேன்.

தினமும் பத்து மணிக்கு ஸ்டோர் இரும்பு மூன்று அடி அடிக்கும். தோட்டத்தின் மற்றப் பிரிவுகளான ஆற்றங்கரைக் காட்டிலும் புதுக்காட்டிலும் மேல்காட்டிலும் தொங்குகிற இரும்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பதில் சொல்லும். என் பள்ளிப் பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள். அதோடு பள்ளிக்கூடம் முடியும். பத்து மணிக்கு மணி அடிப்பது நாகரிகமான ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டேன். நகரத்துக்காரி. மணி என்றால் நேரம் என்பதற்கு மேல் எனக்குத் தோன்றவில்லை. பதினோரு வாரத்தில் ஒரு நாளாவது யாரையாவது கேட்டிருக்கலாம். ஐந்து பிள்ளைகளை வளர்த்தவளுக்கு ஒரு குணம் வந்துவிடும். கேள்வி கேட்பது தன் வேலை இல்லை, பதில் சொல்வதுதான் தன் வேலை என்று.

இன்ஸ்பெக்டர் ஒரு வியாழக்கிழமை ஒன்பதரை மணிக்கு வருவார் என்று தகவல் வந்தது. பள்ளிக்கூடம் பார்வைக்குப் பள்ளிக்கூடமாக இருக்க வேண்டும் என்றார் துரை. எனக்கு மிஷன் பள்ளி நினைவு வந்தது. அங்கே மணி இருந்தது. கணவரின் பழைய சிநேகிதர் ஒருவர் ஈப்போ ரயில்வே பட்டறையில் இருந்தார். அவருக்கு எழுதி ஓரடித் தண்டவாளத் துண்டு ஒன்று வரவழைத்தேன். புதன்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடக் கொட்டகைக்குப் பக்கத்து ரம்புத்தான் மரக் கிளையில் சங்கிலி போட்டு மாட்டினேன். தோட்டத்தில் யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. எல்லாரையும் அசத்த வேண்டும் என்று ஆசை. அசத்தினேன்.

வியாழக்கிழமை வானம் மூடியிருந்தது. எட்டு மணிக்கே பதினேழு பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கேட்டது பதினைந்துதான். இரண்டு பேரை, மூக்கு ஒழுகினாலும் பரவாயில்லை என்று, கையிருப்பாகச் சேர்த்திருந்தேன். எட்டரைக்கு வெளியே வந்து, சுத்தியலை எடுத்து, ஏழு அடி அடித்தேன். ரயில்வே இரும்பு அல்லவா, கணீரென்று நெடுந்தூரம் போயிற்று. ஒரு நிமிடம் அமைதி. பிறகு ஆற்றங்கரைக் காட்டிலிருந்து ஓர் இரும்பு பதில் சொன்னது. அடுத்து புதுக்காடு. அடுத்து மேல்காடு. கொஞ்சம் பிந்தி, அவசர அவசரமாக, ஸ்டோர் இரும்பும்.

தோட்டமே என் பள்ளிக்கூடத்துக்கு மரியாதை செய்கிறது என்று நினைத்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் நினைத்தேன்.

திரும்பிப் பார்த்தபோது பெஞ்சுகள் காலியாகிக்கொண்டிருந்தன. பிள்ளைகள் எழுந்து, என்னைச் சுற்றிக்கொண்டு, கித்தாக் காட்டுக்குள் ஓடினார்கள். உட்காருங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். நல்ல பிள்ளைகள், ஒருவர்கூட எதிர்த்துப் பேசவில்லை. ஓடிக்கொண்டே "சரிங்கம்மா" என்றார்கள்.

அடுத்த அறைக்காரி கையில் வாளியோடு வந்தாள். மரங்களில் பால் பிடிக்கக் கட்டியிருந்த மங்குக் கிண்ணங்களைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"மங்குல அடி நனையல. பாதி மரம் இன்னும் வெட்டவே இல்ல. மழ வரப்போவுதுன்னு இப்பவே அடிச்சிட்டாங்களா, என்னா எழவோ தெரியலியே."

எதை அடிச்சிட்டாங்க என்று கேட்டேன். பதினோரு வாரம் தள்ளிப்போட்ட கேள்வி. அவள் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். இரும்பு அடித்தால் பால் எடுக்க வேண்டும். வெட்டுகிறவர்கள் கத்தியை வைத்துவிட்டு வாளியைத் தூக்குவார்கள், பிள்ளைகள் ஓடிவந்து மங்கு கவிழ்ப்பார்கள். பத்து மணிவரை பால் இறங்க வேண்டும். மழை வருகிற நாளில் மட்டும், மங்குக்குள் தண்ணீர் விழுவதற்கு முன், ஆபீசில் பார்த்து முன்னாலேயே அடிக்கச் சொல்வார்கள். எந்த இரும்பு முதலில் அடித்தாலும் மற்றக் காடுகள் கேட்டதும் அடிக்க வேண்டும். அது தோட்டத்துக் கட்டளை. ஏன் என்று கேட்க யாருக்கும் உரிமை கிடையாது.

அவள் போன பிறகு நான் செய்த முதல் காரியம் வானத்தைப் பார்த்து ஜெபித்தது. மழையைக் கேட்டேன். ஒன்பதுக்குள் மழை வந்தால் நான் தோட்டத்தைக் காப்பாற்றியவள். வராவிட்டால் ஒரு நாள் பாலைக் கெடுத்தவள். இரண்டுக்கும் நடுவில் ஒரு மேகந்தான். அது நகர்ந்துகொண்டிருந்தது, தப்பான பக்கம்.

இரண்டாவது காரியம் தண்டவாளத் துண்டைக் கழற்றி, படிப்பிக்கும் மேசைக்குக் கீழே கோணிப்பையால் மூடியது. இதை அழகாக எழுத வேறு வழி தெரியவில்லை. ஒளித்தேன். யாரும் பார்க்கவில்லை.

இனி ஒன்பதரைக்குள் பிள்ளைகளைக் கூட்டிவந்தால் போதும். காட்டோரம் நடந்தேன். நிரை நிரையாக எல்லாரும் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்கள். ஒரு பெரிய தப்பு இவ்வளவு ஒழுங்காக நடப்பதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மழை வராது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. ஆனாலும் இரும்பு அடித்தாயிற்று.

அடுத்த அறைக்காரி மறுபடி எதிரில் வந்தாள். வாளி கையில் இல்லை. முகம் மாறியிருந்தது.

"எங்க ஆளப் பெரிய கங்காணி ஆபீசுக்கு இழுத்துட்டுப் போயிட்டாரு. மொதல்ல அவருதான் அடிச்சாராம். நேத்திலிருந்து காய்ச்சல், வேலக்கிப் போவாதன்னேன், கேக்கல. தூக்கக் கலக்கத்துல மேகத்தப் பாத்து அடிச்சிட்டாராம்லா. அவரே ஒத்துக்கிட்டாரு. தொரை நாளைக்கி லயத்தைக் காலி பண்ணச் சொல்லிட்டாரு."

நடந்தது எனக்கு அந்த இடத்தில் விளங்கியது. ஸ்டோர் வாசலில் காய்ச்சலில் கண்ணயர்ந்திருந்த மனிதர், மூன்று காட்டு இரும்புகளும் அடிக்கிற சத்தத்தில் விழித்திருக்கிறார். பதில் வந்திருக்கிறது என்றால் கேள்வி தன்னிடமிருந்துதான் போயிருக்க வேண்டும் என்று எண்ணியிருக்கிறார். பயந்துபோய் அவரும் ஓங்கி அடித்திருக்கிறார். கூப்பிட்டுக் கேட்டபோது, தான் செய்யாததைத் தானே நம்பி ஒப்புக்கொண்டுவிட்டார்.

ஆக, நான் வாயைத் திறக்காவிட்டால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அடித்தவர்கூடக் கிடைத்துவிட்டார். இவ்வளவு சௌகரியமான பாவம் ஒருவருக்கு வாழ்க்கையில் ஒருமுறைதான் வாய்க்கும்.

உடனே ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஓடவில்லை. அவள் போகும்வரை நின்றேன். போன பிறகும் நின்றேன். தாழ்ப்பாளை நினைத்தேன். பாரிட் புந்தாரில் நடுவுள்ளவன் வீட்டு முக்காலியை நினைத்தேன். எல்லா மருமகள்களும் எனக்கு முக்காலி போடுவார்கள், எல்லா முக்காலியும் ஒரே உயரம். அண்ணனுக்கு வேறு தோட்டம் கிடைக்கும் என்றுகூட எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மரம் வெட்ட முடியாத வயதில், காய்ச்சலோடு, தூங்கிப் பால் கெடுத்தவர் என்ற பேரோடு வருகிறவரை எந்தத் தோட்டம் எடுக்கும் என்பதற்கு மட்டும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

கொட்டகைக்குத் திரும்பிப் போய்த் தண்டவாளத் துண்டை எடுத்தேன். கையில் தூக்கிப் பத்து அடி நடக்க முடியவில்லை. இடுப்பில் வைத்துப் பார்த்தேன். சரியாக உட்கார்ந்துகொண்டது. ஐந்து பிள்ளைகளைச் சுமந்த இடுப்பு, ஆறாவது எது என்று கேட்கவில்லை. அப்படியே ஆபீசுக்கு நடந்தேன்.

நான் படியேறும்போது துரையின் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டிருந்தார். சீக்கிரமே வந்துவிட்டார். மூக்குக் கண்ணாடி போட்ட வெள்ளைக்காரர். ஓரமாகக் கிராணி, பெரிய கங்காணி, போர்வையைப் போர்த்திக்கொண்டு அண்ணன். எல்லாரும் முதலில் என் இடுப்பைத்தான் பார்த்தார்கள்.

"மொதல்ல அடிச்சது நான்" என்றேன். துரைக்காக ஆங்கிலத்திலும் சொன்னேன்.

துரை வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்.

"இல்ல தொரை. நான்தான் அடிச்சேன்."

"அண்ணே, நீங்க அடிக்கல."

"அடிச்சேன் வாத்தியாரம்மா. கை இன்னும் வலிக்குது பாருங்க."

"அது அப்புறம் அடிச்சது. மொதல்ல அடிச்சது நான்."

"நீங்க படிச்சவங்க. உங்களுக்கு எதுக்கும்மா இந்தச் சூசா, தொல்லை எல்லாம்?"

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தால், அதற்கும் போட்டி. பெரிய கங்காணி என்னைப் பார்த்து, பாவப்பட்டு வந்து பேசுகிறீர்கள், போய்ப் பிள்ளைகளைப் பாருங்கள் என்றார். துரையும் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வேண்டுமானால் இப்போதே அடித்துக் காட்டுகிறேன் என்று இரும்பை மேசைமேல் வைத்தேன். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

பிறகு பெரிய கங்காணிதான் மெதுவாகச் சொன்னார். "எனக்கும் ஒரு சந்தேகம் இருந்திச்சு தொரை. மொதச் சத்தம் ஸ்டோருப் பக்கம் இல்ல. பள்ளிக்கூடத்துப் பக்கமாத்தான் வந்திச்சு. மூணு அடியும் இல்ல. எண்ணிக்கிட்டே இருந்தேன், நிக்கவே இல்ல."

ஏழு என்றேன். மிஷன் பள்ளியில் ஏழு என்று விளக்கவும் தொடங்கினேன். துரை கையை உயர்த்தினார். எவ்வளவு பால் போயிற்று என்று எனக்குத் தெரியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். தெரியாது என்றேன். அவர் அண்ணனைப் பார்த்து, "நீ வேலைக்குப் போறது" என்று தம் தமிழில் சொன்னார். அண்ணன் போகாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். செய்யாததற்கு மன்னிப்புக் கிடைத்ததும் அவருக்குக் குழப்பமாகிவிட்டது.

அப்போதுதான் இன்ஸ்பெக்டர் பேசினார். சென்னையில் தமிழ் படித்தவராம்.

"பிள்ளைகள் எவ்விடத்தில் உளர், அம்மையே?"

கிராணி ஜன்னலைப் பார்த்தார். பெரிய கங்காணி தம் தலைப்பாகையைச் சரிசெய்தார். பள்ளி நேரத்தில் பிள்ளைகள் எந்த வேலையும் செய்வதில்லை என்று தோட்டத்திலிருந்து எழுத்தில் போயிருந்தது. அந்தக் காகிதம் இன்ஸ்பெக்டர் கையிலேயே இருந்தது. துரை என்னைப் பார்த்தார். மூன்று மாதத்தில் முதல் தடவையாக என்னிடமிருந்து ஏதோ எதிர்பார்க்கிற பார்வை. ஒரு பொய். சின்னதுதான். கதவும் தாழ்ப்பாளும் அதற்குள் இருந்தன.

ஆனால் அன்றைக்கு ஒரு பொய்யை இடுப்பில் சுமந்து வந்து இறக்கிவைத்த அலுப்பு எனக்கு. இன்னொன்றைத் தூக்கத் தெம்பில்லை. அதை நேர்மை என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன்.

"காட்டுல மங்கு கவுக்கறாங்க, ஐயா. இரும்பு அடிச்சா போயிருவாங்க. தினமும் பத்து மணிக்குப் போவாங்க. இன்னைக்கி நான் எட்டரைக்கே அனுப்பிட்டேன்."

அவர் எழுதிக்கொண்டார். நீளமாக எழுதினார். பிறகு, பிள்ளைகளைப் பார்க்க முடியுமா என்றார்.

என்னிடம் இனி மணி இல்லை. காட்டோரத்தில் போய் நின்று, புந்தோங்கில் ஐந்து பேரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்ட அதே குரலில் கூப்பிட்டேன். நான்கு தெரு தாண்டிக் கேட்கிற குரல் என்று என் கணவர் அதைப் பற்றி வருத்தப்படுவார். ஒருவர் ஒருவராக வந்தார்கள். விரல்களிலெல்லாம் பால் காய்ந்து தோல் தோலாகத் தொங்கியது. சிலேட்டைத் தொட முடியவில்லை. பதினான்கு பேர். கையிருப்பு இரண்டு பேரும் இன்னொருவனும் வரவே இல்லை.

இன்ஸ்பெக்டர் வாய்க்கணக்குக் கேட்டார், பாட்டுக் கேட்டார், போனார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பன்னிரண்டு மணிக்கு மழை கொட்டியது. அதற்குள் ஒரு மங்கிலும் பால் இல்லை.

சாயங்காலம் பெட்டியைக் கட்டிவைத்துக்கொண்டு தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவை தட்டினார்கள். கிராணி. இன்ஸ்பெக்டர் வந்துபோன அன்றைக்கே வாத்தியாரை நீக்கினால் வாத்தியார் சொன்னதற்காக நீக்கியதுபோல இருக்கும் என்று துரை யோசித்தாராம். இன்னொரு மூன்று மாதம். இனி எந்த இரும்பையும் தொடக்கூடாது. சத்தியத்துக்குக் கிடைத்த பரிசு என்று நான் பிள்ளைகளுக்கு எழுதவில்லை. முறையை இன்னும் மூன்று மாதம் தள்ளிவையுங்கள் என்று மட்டும் எழுதினேன்.

அடுத்த அறைக்காரி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவும் இல்லை. மூன்றாம் நாள் ரசத்தை வாசலில் வைத்துவிட்டு, "நாளைக்கும் எட்டரைக்கே அடிங்க வாத்தியாரம்மா, சீக்கிரம் வீட்டுக்குப் போலாம்லா" என்றாள். சிரிக்காமல் சொன்னாள். ரசத்தில் மிளகு வழக்கத்தைவிட ஜாஸ்தி.

அந்த மூன்று மாதம் முடிந்து, இன்னொன்று, இன்னொன்று என்று ஆறு வருடம் ஆகிவிட்டது. நிரந்தரம் என்று இதுவரை யாரும் எழுதித் தரவில்லை. தண்டவாளத் துண்டு என் அறையில் கிடக்கிறது. காற்றில் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறேன். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் அண்ணன் கொட்டகைப் பக்கம் வந்து, நான் உள்ளே இருக்கிறேனா, கையில் ஏதாவது வைத்திருக்கிறேனா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போய் அடிக்கிறார். இன்ஸ்பெக்டர் எழுதிப்போனதன் பேரில், பள்ளி நேரம் பதினொன்றுவரை என்று துரை இப்போது உத்தரவு போட்டிருக்கிறார். ஆனாலும் பத்து மணிக்கு ஸ்டோர் இரும்பு மூன்று அடி அடிக்கிறது. பிள்ளைகள் எழுந்திருக்கிறார்கள். உட்காருங்கள் என்கிறேன். பாதிப் பேர் உட்காருகிறார்கள்.